பினாங்குக்கு அடுக்கிய பெட்டி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். எந்த ‘ர’ எங்கே வரும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ராயபுரத்துக் கோவில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷமாக இந்தக் கை பிடித்ததெல்லாம் மூட்டை இழுக்கும் கொக்கிதான். பிழைகளைப் படிக்கிறவர்களே திருத்திக்கொண்டு போகவேண்டும். விஷயத்தில் பிழை இருக்காது. அதற்கு நான் பொறுப்பு.

எங்கள் தெருவிலிருந்து ரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் போகிறவர்கள் உண்டு. கப்பல் சீட்டு வாங்கியதும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் கடல் தாண்டியது ஒரே ஒரு தடவை. ஆனாலும் கேட்கிறார்கள்: “எல்லாத்தையும் இங்கியே முடிவு பண்ணிக்கினு போவணுமா, இல்ல போற எடத்துல பாத்துக்கலாமா?” எதிரே ஆள் நின்றால் நான் சொல்ல நினைப்பதில் கால்வாசிதான் என் வாயில் வரும். “ரெண்டும் வேணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். அந்த இரண்டு வார்த்தையைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

துறைமுகத்தில் கப்பலின் அடி அறைக்குள் இறங்கிச் சரக்கு அடுக்குவது என் வேலை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் சுமை வேலை. அப்படியில்லை. முதல் துறைமுகத்தில் இறங்கவேண்டிய சரக்கு மேலே இருக்கவேண்டும், கடைசித் துறைமுகத்தின் சரக்கு அடியில் இருக்கவேண்டும். மாற்றி அடுக்கினால் இறக்குகிற ஊரில் ஒரு நாள் பாழ். எங்கள் ஆட்கள் ஒன்பது பேரில், எது எங்கே போகவேண்டும் என்று கண்ணாலேயே அளந்து சொல்கிறவன் நான். அந்த அறைக்குள் எனக்குக் கூச்சமே கிடையாது. கையைக் காட்டுவேன், மூட்டை அங்கே போகும்.

வெங்காயம் ஏற்றும்போது மட்டும் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நெருக்கி அடுக்கமாட்டோம். இரண்டு வரிசைக்கு நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலத்துக்கு இடம் விடுவோம். ஆள்வழி என்று அதற்குப் பெயர். அதை அடைத்துவிட்டால் வெங்காயம் வியர்த்து, முளைவிட்டு, பினாங்கு போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும். “இம்மாம் எடம் வீணாப் போவுதே” என்று புதிதாக வருகிற ஆட்கள் சொல்வார்கள். அந்த வெறும் இடம்தான் மற்ற மூட்டையை எல்லாம் காப்பாற்றுகிறது என்று நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்ன நானே, என் சொந்தப் பிரயாணத்தை அடுக்கும்போது அதை மறந்துவிட்டேன்.

நான் பினாங்குக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. என் அக்காவிடம் ஒரு விஷயம் சொல்லப் போனேன்.

வீட்டில் அக்காவும் நானும் இரண்டே பிள்ளைகள். பினாங்குத் துறைமுகத்தில் வேலையாக இருந்த ஒருவருக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். சண்டைக்கு இரண்டு வருஷம் முன்னால் கப்பல் ஏறினாள். ஜப்பான்காரன் அங்கே இருந்த வரைக்கும் காயிதம் கிடையாது. உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாமல் அம்மா மூன்றரை வருஷம் வெள்ளிக்கிழமை தோறும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள். சண்டை முடிந்து முதல் காயிதம் வந்தபோது, அதைத் தபால்காரர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, பிரிக்காமலே மாதா கோவிலுக்கு ஓடினாள்.

பிறகு சில வருஷம் கழித்து அம்மா காய்ச்சலில் படுத்தாள். நான்காம் நாள் போய்விட்டாள். அக்காவுக்குத் தந்தி கொடுக்கிற வேலை என்னுடையது. தந்தி ஆபீசுக்குப் போனேன். இங்கிலீஷில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதை எழுதித் தரும்படி யாரையாவது கேட்கவேண்டும். எனக்குப் பின்னால் நான்கைந்து பேர் வெள்ளைச் சட்டையோடு நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால், அம்மா செத்துவிட்டாள் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். எனக்கு வாய் வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் என் மனைவி, “குடுத்துட்டியா?” என்று கேட்டாள்.

“குடுத்துட்டேன்” என்றேன்.

மறுநாள், தந்தி கொடுத்துவிட்டதாகவே எழுதி, தபாலில் ஒரு காயிதம் போட்டேன். அது அக்கா கையில் சேரும்போது அம்மாவின் முப்பதாம் நாள் பூசையும் முடிந்திருந்தது. அக்காவிடமிருந்து பதில் இரண்டே வரி வந்தது: ‘எனக்குத் தந்தி வரவில்லை. எந்த நாள் கொடுத்தாய், யார் போய்க் கொடுத்தது?’

நான் பதில் போடவில்லை. அவளும் அதற்கப்புறம் எழுதவில்லை. மூன்று கிறிஸ்துமஸ் அவளிடமிருந்து ஓர் எழுத்தும் இல்லாமல் போயிற்று. “தந்தி வழியில தொலைஞ்சி போச்சி, அதுக்கு நீ இன்னா பண்ணுவே?” என்று என் மனைவி எனக்கு ஆறுதல் சொல்வாள். அவள் ஆறுதல் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

உண்மையைக் காயிதத்தில் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான்கு தடவை எழுதினேன். நான்கையும் கிழித்துப் போட்டேன். முகத்துக்கு நேரே சொல்லவேண்டியதைத் தபாலில் சொன்னால், மறுபடியும் தந்தி ஆபீசிலிருந்து நழுவி வந்த மாதிரிதான். நேரில் போவது என்று தீர்மானித்தேன்.

என் கூட்டாளி ஒருவர் வண்ணாரப்பேட்டையில் கைலி வியாபாரம் செய்பவர். சின்ன வயதில் அவரும் நானும் ஒன்றாகப் பந்து விளையாடியவர்கள். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை மாமு என்பார். வருஷத்துக்கு இரண்டு தடவை கைலிக் கட்டோடு பினாங்குக்குப் போய்வருகிறவர். அவரோடு போவது என்று முடிவாயிற்று. பாஸ்போர்ட்டு கைக்கு வந்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கித் திட்டம் போட உட்கார்ந்தேன்.

நாங்கள் போகிற கப்பல் பினாங்கில் எங்களை இறக்கிவிட்டுச் சிங்கப்பூர் வரை போய், பதினோராம் நாள் அதே துறைக்குத் திரும்பும். அந்தக் கப்பலில்தான் நான் ஊர் திரும்பவேண்டும். ஆகவே பத்து நாள். பத்தையும் மணிக்கணக்காக அடுக்கினேன். முதல் நாள் பாய் வழக்கமாகத் தங்குகிற இடத்தில் குளியல், தூக்கம். இரண்டாம் நாள் சவரம், அப்புறம் அக்கா குடியிருக்கும் சந்துக்குப் போய் எதிர்ப்பக்கம் நின்று வீட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடுவது. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டுவது. நான்கு, ஐந்து, ஆறாம் நாட்களில் ஊர் விஷயம் பேசுவது. ஏழாம் நாள், சாப்பாடு ஆனபின், அக்காவின் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும், தந்தி விஷயத்தைச் சொல்வது. என்ன சொல்லவேண்டும் என்பதையும் ஒன்றேகால் பக்கம் எழுதி வைத்தேன். மிச்ச மூன்று நாள் அவள் கோபப்படுவதற்கும் நான் சமாதானம் செய்வதற்கும்.

பெட்டியையும் அப்படியே அடுக்கினேன். கப்பலை விட்டு இறங்கும்போது முதலில் டாக்டர் கேட்பதும், அடுத்து பாஸ்போர்ட்டுக்காரர் கேட்பதும் மேலே. சுங்கத்தில் காட்டவேண்டிய கருவாடும் வடகமும் அதற்குக் கீழே. மாற்றுத் துணி நடுவில். எல்லாவற்றுக்கும் அடியில் அம்மாவின் ஜெபமாலையும் ஒரு புடவையும். அது ஏழாம் நாள் சரக்கு. ஒரு தீப்பெட்டி நுழைய இடமில்லாமல் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டினேன்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னால் பாய் வீட்டுக்கு வந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“இன்னா மாமு, அக்கா வூட்டுக்குப் போறியா, படையெடுத்துப் போறியா?”

“எல்லாம் ஒரு ஒழுங்குல இர்க்கணும்ல, பாய்.”

“மூணாம் நாளு காலீல எட்டு மணிக்கு மழை கொட்டுச்சின்னா?”

“கொடை எடுத்துக்கினு போறேன்.”

“கொடை பொட்டில எந்தத் தட்டுல கீது?”

“மேலேருந்து ரெண்டாவது.”

அவர் சிரித்த சிரிப்பில் என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, அம்மை ஊசி போட்ட தாள் அவரிடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“போன தபா ஒருத்தனும் கேக்கல, மாமு.”

“இந்தத் தபா கேப்பாங்க.”

“கேட்டா அப்பால பாத்துக்கலாம்.”

நான் விடவில்லை. அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஊசி போடவைத்தேன். தாளை அவரிடம் கொடுத்தால் கைலிக் கட்டுக்குள் போய்விடும் என்று, என் தாளோடு சேர்த்து எண்ணெய்த்துணியில் சுற்றிப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தேன். “மாமியார் மாதிரி புடுங்கறேடா” என்று வழியெல்லாம் தோளைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

கப்பல் புறப்பட்டது. இருபது வருஷத்துக்கு மேல் கப்பலுக்குள் வேலை செய்தவன், ஒரு தடவைகூட நகர்கிற கப்பலில் இருந்ததில்லை. நாகப்பட்டினம் தாண்டியதும் இரண்டு நாள் தலை தூக்கவில்லை. “ஹார்பர் ஆளு ஸோக்காத்தான் வாந்தி எடுக்கறாரு” என்று பாய் மேல்தளம் முழுக்கச் சொல்லிவிட்டார். அவருக்கு ஐந்தாம் நாளுக்குள் தளத்தில் இருந்த எல்லோரையும் தெரியும். யார் எந்த ஊர், யாருக்கு எத்தனை பிள்ளை, யார் யாரைத் தேடிப் போகிறார்கள், எல்லாம் தெரியும். நான் என் பெட்டிமேல் உட்கார்ந்து நோட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் காலை பினாங்கு தெரிந்தது. டாக்டர் படகில் ஏறிவந்தார். எங்கள் தளத்தில் ஓர் அம்மாளுக்குக் காய்ச்சலும் உடம்பில் கொப்புளமும் இருப்பதைப் பார்த்துவிட்டார். தளத்துப் பிரயாணிகள் ஒருவரும் ஊருக்குள் போகக்கூடாது, எல்லோரும் எதிரே இருந்த தீவில் அம்மைக் கொட்டகைக்குப் போகவேண்டும் என்று உத்தரவாயிற்று. ஊசித் தாள் வைத்திருப்பவர்களுக்கு ஏழு நாள், இல்லாதவர்களுக்குப் பதினான்கு.

எண்ணெய்த்துணியைப் பிரித்து இரண்டு தாளையும் நீட்டினேன். பாய் தன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பதினான்கு நாள் என்றால் எங்கள் கப்பல் எங்களை விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனாலும் என் பத்து நாளில் ஏழு கொட்டகைக்குப் போயிற்று. திரும்பும் கப்பல் நாளைச் சேர்த்தாலும் மிச்சம் நான்கு. நோட்டில் ஏழாம் நாளில் எழுதியிருந்ததை எந்த நாளுக்குத் தள்ளுவது? ஒன்றைத் தள்ளினால் அடுத்தது இடித்தது. எங்கும் ஓர் ஆள் நுழைய இடமில்லை.

தீவில் முதல் வேலையாக எல்லோருடைய சாமானையும் கிருமி சாக நீராவிப் புகையில் போட எடுத்தார்கள். அங்கே இருந்த சிப்பந்தி என் கயிற்றை அறுத்தான். நான் ஒரு நாள் முழுக்க அடுக்கிய பெட்டியைத் தலைகீழாகத் தூக்கி ஒரு தட்டுத் தட்டிக் கொட்டினான். அடியில் இருந்தது மேலே வந்து விழுந்தது. வடகத்தின்மேல் புடவை, புடவையின்மேல் அம்மாவின் ஜெபமாலை.

பாய் ஜெபமாலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எங்கள் அம்மா கையில் அதைப் பல தடவை பார்த்தவர்.

“இத்தை ஏன் மாமு அடீல போட்டு அமுக்கி வெச்சிகீறே?”

அப்போது சொல்லிவிட்டேன். தந்தி ஆபீஸ், மடித்த தாள், மனைவியிடம் சொன்ன பொய், எல்லாம். அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், “இதுக்கா ஏழாம் நாளு மத்தியானம்?” என்றார். கேலி செய்யவில்லை. ஜெபமாலையை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் தெரிந்தது. தீவுக்கு அரிசி மூட்டை கொண்டுவருகிற படகுக்காரர் தமிழர். அவரிடம் அக்கா வீட்டுச் சந்தின் பெயரைச் சொல்லி, ‘உன் தம்பி கொட்டகையில் இருக்கிறான், வந்து பார்’ என்று பாய் சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “யாரைக் கேட்டு சொல்லி அனுப்பிச்சே? அவ ரெடியா இர்க்கணும், நான் ரெடியா இர்க்கணும்…”

“நீ மூணு வருசமா ரெடியாயிக்கினு கீறே, மாமு” என்றார் பாய். “நாளைக்கு ஞாயித்துக்கெழமை. ஒறமொறைக்காரங்க வேலி வரைக்கும் வருவாங்க. சவரம் பண்ணிக்க, அது மட்டும் உன் நோட்டுல கீற மாதிரி.”

படகுத்துறைக்குப் பக்கத்தில் இரண்டு கம்பி வேலிகள் இருந்தன. உள்வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள், வெளிவேலிக்கு அந்தப் பக்கம் பார்க்க வந்தவர்கள். நடுவில் பத்தடி மணல். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பக்கமும் கூட்டம். ஒருவரும் பேசவில்லை, கத்தினார்கள். கத்தினால்தான் கேட்கும்.

அக்காதான் முதலில் என்னைக் கண்டுபிடித்தாள். பதினைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தலை பாதி வெளுத்திருந்தது. கையில் குடை. ஆனால் “டேய்!” என்றது அதே குரல்.

பையில் கையை விட்டேன். நோட்டு இல்லை. பெட்டியோடு நீராவி அறைக்குப் போனது இன்னும் வரவில்லை. கையில் ஜெபமாலைதான் அகப்பட்டது.

“சொல்லாம கொள்ளாம வந்துகீறியே! வூட்ல யாருக்குடா இன்னா?” என்று கத்தினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. இன்னொரு சாவைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

“யாருக்கும் ஒண்ணுமில்லக்கா!”

“அப்ப எதுக்குடா வந்தே?”

அதுதான் கேள்வி. அது ஏழாம் நாள் வரவேண்டிய கேள்வி. மூன்றாம் நாள் காலை, நூறு பேர் நடுவில் வந்து நிற்கிறது.

“தந்தி… நான் குடுக்கலக்கா” என்றேன்.

“இன்னா? காதுல வுழல! கத்திச் சொல்லு!”

கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். “தந்தி! அம்மா செத்தப்ப! நான் குடுக்கவே இல்ல! குடுத்துட்டேன்னு பொய் சொல்லிட்டேன்!”

என் பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது.

“தெரியும்டா!” என்றாள் அக்கா. “என் காயிதத்துக்கு நீ பதில் போடாதப்பவே தெரியும்! நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்!”

அவள் அதோடு விடவில்லை.

“உன் காயிதம் வந்தப்புறம் நாளை எண்ணிப் பாத்தேன்டா. அம்மாவை மண்ணுல வெச்ச அன்னிக்கு நான் இங்க ஒரு கல்யாண வூட்ல செவப்புப் பொடவை கட்டிக்கினு துன்னுகினு இருந்தேன்! பாட்டு பாடச் சொன்னாங்க, பாடினேன்டா! எங்கம்மா செத்த அன்னிக்கு நான் பாட்டுப் பாடிக்கினு இருந்தேன்!”

குடையைக் கீழே போட்டுவிட்டாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஏன்டா குடுக்கல?”

ஒன்றேகால் பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் ஒரு வரி நினைவுக்கு வரவில்லை.

“கூச்சமா இருந்துச்சிக்கா” என்றேன்.

“கூச்சமா?” அவள் என்னையே பார்த்தாள். “இப்ப நூறு பேரு கேட்டுக்கினு கீறாங்களே, இப்ப இல்லியாடா கூச்சம்?”

“இப்பவும் கீதுக்கா.”

யாரோ சிரித்துவிட்டார்கள். பாயாகத்தான் இருக்கும். பிறகு இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அக்கா சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். படகு மணி அடித்தது. “வெளிய வா. அங்க வெச்சி உன்னக் கேக்கறேன்” என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மிச்ச நாட்கள் கொட்டகையில் எப்படிப் போயின என்று எழுதத் தெரியவில்லை. மன்னித்தாளா, கதவை மூடிவிட்டாளா என்று ஒரு சேதியும் இல்லை. நோட்டு திரும்பி வந்தது, ஈரத்தில் ஊறிப் பக்கங்கள் ஒட்டிப்போய். பிரித்துப் பார்க்கவில்லை. துணியெல்லாம் பெட்டிக்குள் கையில் வந்தபடி போட்டு மூடினேன்.

எட்டாம் நாள் காலை படகிலிருந்து இறங்கினபோது அக்கா துறையில் நின்றிருந்தாள். பெட்டியின் ஒரு பக்கக் காதை அவள் பிடித்தாள், மறு பக்கத்தை நான் பிடித்தேன். பாய் கைலிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “நாலாம் நாளு கப்பல்ல பாப்போம்” என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனார்.

வீட்டுக்குப் போனதும் பெட்டியை அவளே திறந்தாள். அம்மாவின் ஜெபமாலை எங்கே என்று கேட்டாள். என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதைக் கையில் சுற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“மொதல்லருந்து சொல்லு. காய்ச்ச எந்த நாளு ஆரம்பிச்சிது? காலீலயா, சாயங்காலமா?”

சொன்னேன். அம்மா என்ன சாப்பிட்டாள், யார் பக்கத்தில் இருந்தது, பங்குச் சாமியார் எத்தனை மணிக்கு வந்தார், கடைசியாக அம்மா என்ன பேசினாள், யார் குளிப்பாட்டியது, எந்தப் புடவை உடுத்தியது, கல்லறைக்கு யார் யார் வந்தார்கள், மழை பெய்ததா. ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னதையே திருப்பிச் சொல்லச் சொன்னாள். அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளா என்று மட்டும் மூன்று தடவை கேட்டாள். கூப்பிட்டாள். அதை மூன்று தடவையும் சொன்னேன்.

நான் எழுதி வைத்திருந்த ஒன்றேகால் பக்கத்தில் இதில் ஒரு சொல் கிடையாது. அதில் இருந்ததெல்லாம் என் கூச்சம், என் வருத்தம், என்னை மன்னித்துவிடு. அவளுக்கு வேண்டியிருந்தது என் மன்னிப்பு அல்ல. அந்த நான்கு நாள்தான். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதானே. அம்மா படுத்திருந்தது நான்கு நாள், எனக்கு அங்கே மிச்சமிருந்ததும் நான்கு நாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பேசியதில்லை, அதற்கப்புறமும் பேசியதில்லை. அக்காவின் வீட்டுக்காரர் வேலைக்குப் போவார், வருவார், நாங்கள் அதே இடத்தில் உட்கார்ந்திருப்போம். கடைசி நாள் காலை அங்கே கோவிலில் அம்மாவுக்கு ஒரு பூசை வைத்தாள். வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டு முன்வரிசையில் முழங்காலிட்டாள்.

துறையில் வழியனுப்ப வந்தவள், “அடுத்தாப்புல யாராச்சும் செத்தா தந்தி குடுப்பியாடா?” என்று கேட்டாள்.

“குடுப்பேன்க்கா.”

“நான் செத்தா?”

“உனக்கு எப்டிக்கா குடுக்கறது?”

“போடா கய்தே” என்று முதுகில் ஒன்று வைத்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கேட்கிறவர்களுக்கு இப்போது சொல்கிறேன். ஊசித் தாள், பாஸ்போர்ட்டு, திரும்புகிற கப்பலின் நாள், இவற்றில் ‘அப்பால பாத்துக்கலாம்’ கூடவே கூடாது. அதைச் சொல்கிற கூட்டாளி இருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள். என் மேல்தட்டு சரியாக இருந்ததால்தான் அந்த நான்கு நாள் கிடைத்தது. ஆனால் அங்கே போய் எந்த மனுஷரோடு என்ன பேசுவது, எந்த நாள் பேசுவது என்று இங்கிருந்தே கட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த இடத்தில் ஆள்வழி விடுங்கள். அந்த வழியில்தான் யாராவது உள்ளே வரமுடியும். பாய் வாயை அடக்கிக்கொண்டிருந்தால், நான் மீதி நான்கு நாளையும் எதிர்ப்பக்கம் நின்று அக்கா வீட்டைப் பார்த்தே கழித்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

ஊர் வந்ததும் என் மனைவியிடமும் உண்மையைச் சொன்னேன். அவள் இரண்டு நாள் பேசவில்லை. அது தனிக் கதை.

அதன்பின் அக்காவின் காயிதம் மாதம் ஒன்று தவறியதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு எழுதியதில், அம்மாவின் கல்லறையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, புறப்பட்டு வரலாமா என்று கேட்டிருந்தாள். அன்று மத்தியானமே தந்தி ஆபீசுக்குப் போனேன். அதே இங்கிலீஷ் தாள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரிய மனிதரிடம் திரும்பி, “சார், எனக்கு இங்கிலீஷ் எழுத வராது, கொஞ்சம் எழுதிக் குடுங்க” என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. என்ன எழுதவேண்டும் என்று கேட்டார். “அக்கா, உடனே வா” என்றேன். எழுதிக் கொடுத்தார்.

நாளைக் காலை அவள் கப்பல் வருகிறது. துறைக்குப் போகிற நேரம், சாமான் ஏற்ற வண்டி, அவளுக்குப் படுக்கை, எல்லாம் முடிவு செய்தாகிவிட்டது. அந்த ஊறிப்போன நோட்டில் ஒட்டாமல் மிஞ்சிய பக்கங்களில்தான் இதை எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தில் அவள் இங்கே இருக்கப்போகிற நாட்களுக்கு வரிசையாக எண் போட்டிருக்கிறேன். முதல் எண்ணுக்கு நேரே ‘கல்லறை’ என்று எழுதியிருக்கிறேன். மற்ற எண்களுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

ராயபுரம்,
1958 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை.